தில்லையை அறியாத பிள்ளைகள்

கல்லூரி ஆசிரியர் ஒருவர் மாணவரை அழைத்துக்கொண்டு வெளியூர் போவதென்றால் பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி, "எந்தெந்த இடம் பார்க்கப் போகிறீர்கள்?" என்பதே. சென்ற விடுமுறையிலே 22 மாணவ மாணவியரோடு நாம் புத்தளக் கரையோரத்துக்குப் புறப்பட்டபோது இக்கேள்விக்கு விடை சொல்லச் சற்றே சங்கடப்பட்டோம். "செடி கொடிகளைப் பார்க்கப் போகிறோம், அவற்றை அறிந்தவர்களிடம் கேட்கவும் போகிறோம்" என்றோம். "அதற்கு ஏன் சேர் அவ்வளவு தூரம்? பேராதனைப் பூங்காவிலே இல்லாத செடியா?" என்றார் ஒரு தந்தை.

நியாயமான கேள்விதான். பேராதனையிலே செடியும் உண்டு, பெயர்ப்பலகையும் உண்டு. ஆனால் அந்தச் செடியை வெட்டி வேலி கட்டியவரும், அதன் பட்டையை அவித்து வலைக்குச் சாயமேற்றியவரும் அங்கே இல்லை. அவர்கள் இருக்குமிடத்துக்கு நாம்தான் போகவேண்டும்.

இத்தகைய பிரயாணங்கள் உலகுக்குப் புதியன அல்ல. அமேசன் காட்டிலும், ஆபிரிக்க நாடுகளிலும், அவுஸ்திரேலியாவிலும் பழங்குடி மக்களே வழிகாட்டிகளாக முன்னே நடக்க, படித்தவர் கூட்டம் குறிப்பேட்டுடன் பின்னே நடக்கின்றது. நம் நாட்டிலோ கற்பிட்டிக்கு வரும் உல்லாசப் பிரயாணிகளுள் பெரும்பாலோர் கடலிலே துள்ளும் ஓங்கில்களைப் பார்க்கவும், காற்றாடியைப் பிடித்துக்கொண்டு அலைமேற் சறுக்கவுமே வருகின்றனர். அதே ஊரின் மறுபுறத்திலே அமைதியாய்க் கிடக்கும் களப்பை அவர்கள் அதிகம் திரும்பிப் பார்ப்பதில்லை.

பாலாவிச் சந்தியிலே கொழும்பு வீதியை விட்டு இடப்புறம் திரும்பியதும் பஸ்ஸிலிருந்த மாணவருக்கு ஒரு வேலை கொடுத்தோம். வழியிலே காணும் ஊர்ப்பெயர்களுள் மரஞ்செடிகளின் பெயர் ஒளிந்திருப்பவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். நாவற்காடு வந்தது; ஆலங்குடா வந்தது; இலந்தையடி வந்தது. வரைபடத்தைப் பார்த்த ஒரு மாணவி பூலாச்சேனையையும் புளிச்சாக்குளத்தையும் சேர்த்துக்கொண்டாள். கற்பிட்டிக்கு அருகே உள்ள கண்டக்குழி என்பது கண்டலோடு உறவுடைய பெயராயிருக்குமோ என்று நமக்கு ஓர் ஐயம் உண்டு, வற்புறுத்தத் துணியோம். ஊருக்குப் பெயரிட்ட முன்னோர் முதலில் மரத்தைப் பார்த்தார்கள், அதன் அடியிலேதான் வீட்டைக் கட்டினார்கள் என்பது மட்டும் தெளிவாயிற்று. "இலந்தை மரம் எப்படி இருக்கும்?" என்று நாம் கேட்டபோது 22 பேரில் கையுயர்த்தியவர் மூவர்.

கற்பிட்டியிலே இறங்கியபோது சைமன் காசிச்செட்டியை நினையாதிருக்க முடியவில்லை. 1807இல் இவ்வூரிலே பிறந்த அப்பெரியார், 1834இல் இலங்கையின் ஊர்களையும் குடிகளையும் பற்றி அகராதி முறையிலே ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றைத் "தமிழ் புளூட்டாக்" என்ற பெயரில் வழங்கினார். தாம் பிறந்த கரையோரத்து மக்களின் வழக்கங்களை, வெளியார் வந்து எழுதட்டும் என்று காத்திராமல் தாமே எழுதிவைத்த முன்னோடி அவர். ஒல்லாந்தர் கோட்டையைப் பார்க்க விரும்பிய மாணவரை நாம் தடுக்கவில்லை. ஆயினும் காசிச்செட்டியின் பெயரை அவர்களுள் ஒருவரும் கேள்விப்பட்டிராதது நமக்கு வருத்தமே.

படகுத்துறையிலே ஒரு மாணவன், "சேர், இங்கே பழங்குடியினர் எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டான். வில்லும் தோளிற் கோடரியுமாக ஒருவரை அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும். வேடர் மக்களைக் காணத் தம்பானைக்குப் போகவேண்டும் என்பதும், விசயன் வந்திறங்கிய தம்பபண்ணியை இவ்வடமேற்குக் கரையோரத்திலே கொள்வாருண்டு என்பதும், இங்கே மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்த குவேனியின் மக்களே காட்டிற் புகுந்து புலிந்தர் ஆயினர் என்று மகாவம்சம் கூறுவதும் அவன் பாடப்புத்தகத்திலே படித்தவைதாம். ஆனால் ஒரு நிலத்தின் பழமையான அறிவைச் சுமப்பவர் வேடர் மட்டுமல்லர். இக்களப்பிலே தலைமுறை தலைமுறையாகத் தோணி செலுத்தியவர் தமிழராயினும், முஸ்லிம்களாயினும், சிங்களவராயினும் அவர்களுக்கு அந்நீரின் மொழி தெரியும். "உன் முன்னே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறாரே, இவர்தாம்" என்றோம்.

நம் வழிகாட்டி எழுபது வயதைக் கடந்த மீனவர். அவர் பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரைதான். படகை நிறுத்தி அவர் முதலிற் காட்டியது கண்ணா மரம். நூல்களிலே வெண்கண்டல் என்று எழுதியிருக்கும். அதன் அடியைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில்களை நட்டுவைத்தாற்போல நூற்றுக்கணக்கான வேர்கள் மேல்நோக்கி நின்றன. சேற்றுக்குள்ளே காற்றில்லை, ஆகவே வேர் மேலே வந்து மூச்சு விடுகின்றது. பெரியவர் ஓர் இலையைப் பறித்து, "நக்கிப் பாருங்க" என்றார். உப்புக் கரித்தது. வேண்டாத உப்பை இலை வழியே வெளியேற்றிவிடும் மரம் அது. அடுத்து நின்ற கண்டலின் இலையிலே அவ்வளவு உப்பில்லை. அது வேரிலேயே உப்பின் பெரும்பகுதியை வடித்து நிறுத்திவிடுகிறது. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர் இருவர் ஒரே துன்பத்துக்கு இருவேறு வழி கண்டதுபோல!

கண்டல் தன் பிள்ளையைக் கருவிலேயே வளர்ப்பது. விதை கனியோடு தாய் மரத்திலே தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு, தக்க காலத்திலே விழுந்து சேற்றிற் குத்தி நிற்கும்; அல்லது நீரிலே மிதந்து இடந் தேடிப் போகும். இதன் பட்டையை அவித்துப் பருத்தி வலைகளையும் பாய்களையும் தோய்த்தெடுத்த காலத்தைப் பெரியவர் சிறுவனாய் இருந்தபோது கண்டிருக்கிறார். எந்த மரத்தில், எந்தப் பக்கத்தில், எவ்வளவு பட்டை உரித்தால் மரம் சாகாது என்று அவருடைய தகப்பனாருக்குத் தெரியுமாம். நைலோன் வலை வந்தது. சாயம் காய்ச்சிய கிடாரம் கவிழ்ந்தது. "எனக்குப் பாதிதான் தெரியும். மகனுக்கு அதுவும் தெரியாது" என்றார்.

இவ்வாறு கேட்டுக்கொண்டு போகையிலேதான் அந்தச் சம்பவம் நிகழ்ந்தது. படகு ஒரு குறுகிய வாய்க்காலிலே நுழைந்தபோது பளபளவென்ற இலைகளோடு ஒரு கிளை குறுக்கே வந்தது. முன்னே இருந்த மாணவன் அதனை ஒடித்து ஒதுக்கினான். "தில்லை! தொடாதீங்க தம்பி!" என்று பெரியவர் கத்தினார். பையன் சிரித்துக்கொண்டே திரும்பினான். ஒடிந்த இடத்திலிருந்து வடிந்த வெண்பால் விரலில் இருந்தது. வியர்வையைத் துடைக்க அதே கையை முகத்துக்குக் கொண்டு போனான்.

ஒரு நிமிடத்துக்குள் இடக் கண்ணைத் திறக்க முடியாமல் அலறினான். பெரியவர் அவன் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார், கசக்கவிடவில்லை. படகிலிருந்த குடிநீர்ப் போத்தல்கள் அத்தனையும் அக்கண்ணைக் கழுவவே செலவாயின. கரைக்கு விரைந்து மருத்துவமனைக்குப் போனோம். வைத்தியர் மேலும் கழுவி மருந்திட்டு, பார்வைக்குப் பாதகமில்லை என்று சொல்லும்வரை நம் உயிர் நம்மிடத்தில் இல்லை. மூன்றாம் நாள் சிவப்பு மாறியது. முன்னதாகவே எச்சரியாத பொறுப்பு நம்முடையதே. அதனைப் பெற்றோரிடமும் சொன்னோம்.

இதிலே நம்மை உறுத்தியது வேறொன்று. அம்மாணவன் மந்தமானவன் அல்லன். கண்டற்காட்டு மரங்களின் விஞ்ஞானப் பெயர்களை மனப்பாடமாக எழுதிக்கொண்டு வந்தவன். தில்லைப்பால் கண்ணைக் குருடாக்கவல்லது என்பதும் அவன் குறிப்பேட்டிலே இலத்தீன் பெயரின் எதிரே இருந்தது. "தில்லை" என்ற சொல்லும் அவனுக்குத் தெரியும். சிதம்பரத்தின் பெயர் தில்லை, நடராசப் பெருமான் தில்லைக் கூத்தன் என்று நாமே வகுப்பிலே கற்பித்திருக்கிறோம். அத்தலத்துக்கு அப்பெயரைத் தந்தது ஒரு மரம் என்பதையும், அம்மரம் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்து உப்பங்கழிகளிலே இன்றும் நிற்கிறது என்பதையும், அதே மரம் நம் புத்தளக் களப்பிலும் உண்டு என்பதையும் நாம் சொன்னதேயில்லை. பெரியவர் சரியான நேரத்திலே சரியான சொல்லைத்தான் கூவினார். அந்தச் சொல் பையனின் காதிலே கோயிலாக விழுந்தது, மரமாக விழவில்லை.

நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்களின் பாட்டிலே புன்னையும் தாழையும் ஞாழலும் அடும்பும் கண்டலும் மீண்டும் மீண்டும் வருகின்றன. நற்றிணையிலே புன்னையைத் தங்கை என்று கருதி, அதன் நிழலிலே காதலனோடு பேச நாணுகிற பெண்ணை நாம் வியந்து வியந்து கற்பிக்கிறோம். பரீட்சையிலே அவளைப் பற்றிப் பத்து மதிப்பெண் எடுக்கும் பிள்ளைக்குப் புன்னை இலையும் பூவரசு இலையும் வேறுபாடு தெரியாது. குற்றம் பிள்ளையுடையதா?

மறுநாள் காலை, கண்ணிலே கட்டோடு அம்மாணவனும் உடன் வர, பெரியவர் களப்பின் ஒரு திறந்த சேற்றுவெளியைக் காட்டினார். வரிசை வரிசையாகக் குச்சிகள் நின்றன. அத்தனையும் செத்த கண்டற் கன்றுகள். சில ஆண்டுகளுக்கு முன்னே யாரோ வந்து நட்டுப் படம் பிடித்துக்கொண்டு போனார்களாம். "இது தாழ்வான இடம் சேர். தண்ணி இறங்கவே இறங்காது. இதிலே கண்டல் நிக்காது என்டு சொன்னோம். கேக்கல்ல" என்றார்.

இது ஒரு கிழவரின் குறைகூறல் என்று ஒதுக்கிவிட முடியாது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கைக் கரையெங்கும் கண்டல் நடும் முயற்சிகள் பெருகின. அவற்றுள் 23 இடங்களை ஆராய்ந்து விஞ்ஞானிகள் 2017இல் வெளியிட்ட முடிவைப் படித்தால் நெஞ்சு திடுக்கிடும். 9 இடங்களிலே ஒரு கன்றேனும் பிழைக்கவில்லை. ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில் வெற்றி கண்டது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். பொருந்தாத இடம், பொருந்தாத இனம், நட்டபின் பராமரியாமை என்பனவே முதற் காரணங்கள். கண்டல் விதைமுளையைப் பொறுக்குவதும் குத்துவதும் எளிதாகையால் எங்கும் அதனையே குத்தினார்கள். எந்த நீர்மட்டத்திலே எந்த மரம் நிற்கும் என்பது அறிவு. அந்த அறிவு கரையிலே சாரங் கட்டிக்கொண்டு நின்றது, அதனிடம் கேட்பாரில்லை. இலங்கையின் கண்டல் மீளமைப்பு முயற்சியை 2024 பெப்ரவரியிலே ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரித் திட்டங்களுள் ஒன்றாக அறிவித்தது என்றால், நிலத்தையும் நீரோட்டத்தையும் ஆராய்ந்த பிறகே நடவேண்டும் என்ற பாடத்தை இத்தோல்விகளிலிருந்து கற்றுக்கொண்டமையும் அதற்கு ஒரு காரணம்.

அன்று நண்பகலிலே பெரியவரின் தமக்கையார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். ஆச்சிக்கு எண்பதை ஒட்டிய வயது. கெளிற்று முள் குத்தினால் வரும் கடுப்புக்கு அவர் கட்டும் பச்சிலை அவ்வட்டாரத்திலே பேர்போனது. மாணவியொருத்தி பேனாவை எடுத்து, "அது என்ன இலை ஆச்சி?" என்றாள்.

"அது சொல்லுறதில்லை மகள்."

மாணவி விடவில்லை. உங்களுக்குப் பின்னே அது அழிந்துபோகுமே என்று வாதாடினாள். ஆச்சி வெற்றிலையை மென்றுகொண்டே, "என்ட பிள்ளைகள் மூணு பேருக்கும் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தரும் காதிலே போட்டுக்கொள்ளல்ல. அதுக்காக வாறவங்க எல்லாருக்கும் சொல்லலாமா?" என்றார்.

படகுக்குத் திரும்பும்போது மாணவர் இரு கட்சியாய்ப் பிரிந்தனர். அறிவை மறைப்பது பாவம் என்றது ஒரு கட்சி. இலை அவருடையது, சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம் என்றது மற்றது. அப்பொழுது பொதிகை மலையிலே நடந்த ஒரு வரலாற்றை நாம் சொன்னோம். 1987 டிசெம்பரில் கேரளத்து விஞ்ஞானிகள் சிலர் கானி என்னும் பழங்குடியினரை வழிகாட்டிகளாக அழைத்துக்கொண்டு அம்மலையேறினர். படித்தவர் மூச்சு வாங்கி நிற்க, வழிகாட்டிகளோ ஏதோ ஒரு சிறு கனியைத் தின்றுகொண்டு களைப்பின்றி நடந்தனர். என்ன கனி என்று கேட்டபோது முதலிலே அவர்களும் ஆச்சியைப் போலவே மறுத்தார்கள். பின்னர் காட்டிய செடிதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டுத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து "ஜீவனி" என்னும் மருந்தை உருவாக்கி, 1995இல் கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் வழங்கியது. உரிமக் கட்டணம் 10 இலட்சம் ரூபாவிலும், விற்பனைப் பங்கிலும் பாதி கானி மக்களுக்கு என்று தீர்மானித்தனர். அதற்கென 1997இல் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முதல் உதாரணங்களுள் ஒன்று என்று உலகம் புகழ்ந்தது. ஆயினும் கானிகளுள்ளேயே சில வைத்தியர், எங்கள் இரகசியத்தை விற்க இவர்கள் யார் என்று எதிர்த்தனர். பின்னர் செடியைக் காட்டிலிருந்து களவாகப் பிடுங்குவதும் நிகழ்ந்தது. இரு கட்சியாருக்கும் இதிலே சான்று கிடைத்தமையால் வாதம் ஓயவில்லை. நம் கருத்தைக் கேட்டார்கள். ஆச்சி சொல்லாமல் விட்டதை நாம் எழுதக்கூடாது, அவ்வளவுதான் என்றோம்.

புத்தளம் நகருக்கு அருகே சிறாம்பியடியிலே ஆபிரிக்க வழிவந்த மக்கள் சிலர் வாழ்கின்றனர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலங்களிலே அடிமைகளாகவும் படைவீரராகவும் கொண்டுவரப்பட்டவரின் சந்ததியார். "மஞ்சா" என்னும் பாடலை அவர்கள் கைதட்டிப் பாடும்போது நம் மாணவரின் கால்களும் தாளமிட்டன. சொற்கள் போர்த்துக்கேயக் கலப்பு மொழி. பேச்சோ இன்று சிங்களம். பாட்டு நின்றது, அதனைப் பேசிய மொழி வீட்டைவிட்டுப் போய்விட்டது. கண்ணிலே கட்டிட்ட நம் மாணவன் அங்கே வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

திரும்பும் வழியிலே உடப்புக்கு ஒரு மணி நேரந்தான் ஒதுக்க முடிந்தது. ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக ஒடுங்கிய நிலத்திலே, இராமநாதபுரக் கரையிலிருந்து வந்த முன்னோரைக் கொண்ட அத்தமிழூர், திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பாலும் கரைவலையாலும் பெயர் பெற்றது. அம்பாப் பாட்டோடு கயிறிழுத்தவர்களுக்கு நம் மாணவரும் கை கொடுத்தனர். காலடியிலே மணலை இறுகப் பிடித்துக்கொண்டு அடும்புக் கொடி படர்ந்திருந்தது. சொறிமுட்டை பட்ட இடத்திலே இவ்விலையைக் கசக்கித் தேய்ப்பது கீழைக் கடலோரங்கள் பலவற்றிலும் உள்ள வழக்கம். சங்கப் பாட்டின் அடும்பு இதுதான் என்றதும் ஐந்தாறு பேர் பூவோடு ஒரு கொடியைக் குறிப்பேட்டுக்குள் வைத்துக்கொண்டனர். அதன்பின் ஆனைவிழுந்தான். இன்று சிங்களத்திலே ஆனவிலுந்தாவ என வழங்கும் இவ்விடம் 2001 முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம். 1980களிலிருந்து சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே கண்டலை அழித்து இறாற் பண்ணைகள் பெருகியதும், 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பலவற்றைக் கைவிடச் செய்ததும் அப்பாழ்ங்குளங்களைப் பார்த்தாலே விளங்கும். சிலாபத்தை அடுத்த பம்பலாவிலே 2016 ஜூலையில் திறந்த கண்டல் அருங்காட்சியகத்துக்கு நேரம் போதவில்லை.

வந்தபின் ஒரு சிறு தொல்லை. பெரியவருக்குக் கொடுத்த தொகையை "விரிவுரையாளர் ஊதியம்" என்று கணக்கில் எழுதினோம். அலுவலகத்திலே, ஐந்தாம் வகுப்புப் படித்தவருக்கு அப்படி எழுத விதியில்லை, "படகு வாடகை" என்று எழுதுங்கள் என்றார்கள். படகு வாடகை தனியே எழுதியாயிற்று என்றோம். அந்தக் கோவை இன்னும் மேசைக்கு மேசை நடந்துகொண்டிருக்கிறது.

மாணவர் தொகுத்த பெயர்கள் 31. தில்லைப்பால் பட்ட மாணவனே அவற்றை அழகாகப் படியெடுத்து, பெரியவரின் பேரன் வழியாகக் கற்பிட்டிக்கு அனுப்பினான். மூன்று வாரத்திலே ஏடு திரும்பி வந்தது. மூன்று பெயர்களைத் திருத்தியிருந்தார், பேரனின் கையெழுத்து. ஆச்சி சொல்லாத இலைக்கென்று ஒரு மாணவி வெறுமையாய் விட்டிருந்த வரி வெறுமையாகவே இருந்தது. "தில்லை" என்பதன் எதிரே, நாம் கேட்க மறந்த ஒன்றைச் சேர்த்திருந்தார்: "விறகுக்கும் எடுக்க வேண்டாம். புகையும் கண்ணுக்கு ஆகாது."